மழைக்குப் பிறகு இறுகும் மணல்

அத்தைக்குக் கடலில் கால் நனைக்க வேண்டும். போன வருடம் சித்திரையில் ஆரம்பித்த பேச்சு இது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முப்பது வருடத்தில் அவர் என்னிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அதனால் இது என் மனதில் தைத்துவிட்டது. "ஒரே ஒரு தடவைம்மா. கணுக்கால் வரைக்கும் போதும்" என்றார். அவருக்கு வயது எழுபத்தொன்பது.

எங்கள் வீடு கடலூரில் குண்டு சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். வெள்ளிக் கடற்கரை என்று எழுதுவார்கள், சில்வர் பீச் என்று ஊரே சொல்லும். அத்தைக்கு மட்டும் அது இன்றுவரை தேவனாம்பட்டினம்தான். உள்ளே போக யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. காலையில் போகலாம், மாலையில் போகலாம், கையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். கடலூரில் குடும்பத்தோடு இப்படிப் போய்வர வேறு இடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆனால் அத்தைக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. 2023ல் சக்கர நாற்காலி வாங்கினோம். என் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை. அதனால் எங்கே போவதானாலும் நானும் அத்தையும்தான், கூட வழக்கமாக வரும் ஆட்டோத் தம்பியும்.

அந்தச் சித்திரை மாலை நாங்கள் மூன்று பேரும் போனோம். தார்ச் சாலையும் நடைபாதையும் முடிகிற இடம் வரை நாற்காலி நன்றாக உருண்டது. மணலில் இறக்கியதும் நான்கு அடி போயிருக்கும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் இரண்டும் புதைந்து நாற்காலி குப்புறச் சாயப் பார்த்தது. பின்னால் இழுத்தோம், பெரிய சக்கரமும் புதைந்தது. மாவுபோலக் காய்ந்த மணல். "நான் தூக்கிட்டுப் போயிடறேங்க்கா, ஒண்ணும் கனமில்ல" என்றார் தம்பி. அத்தை முகம் மாறிவிட்டது. "நான் என்ன பொணமா, தூக்கிட்டுப் போறதுக்கு?" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை. நாற்காலியை நடைபாதைக்கு ஏற்றி, கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். இருட்டும் வரை அங்கேயே இருந்தோம்.

நான் வீட்டில் ரவிக்கை தைப்பவள். அளவு எடுக்காமல் எந்த வேலையும் தொடங்க மாட்டேன். அன்று நடைபாதை விளிம்பிலிருந்து தண்ணீர் வரை நடந்து எண்ணிப் பார்த்தேன். என் காலடியில் நூற்று முப்பத்திரண்டு. வாடிக்கையாளர் அளவுகளை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'சித்திரை 132' என்று குறித்துவைத்தேன். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது போய் எண்ணுவது பழக்கமாகிவிட்டது. இத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமையும் காணும் பொங்கலும் மட்டும் பார்த்த கடற்கரை, மாதம் தவறாமல் போனபோது வேறு வேறு இடமாக இருந்தது.

ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். காலையில் போனால் முதுகில் மணல் அடிக்கும். நிலத்திலிருந்து போகிற காற்று அலையின் தலையைப் பின்னால் தள்ளுவதால் கரையோரக் கடல் இஸ்திரி போட்டதுபோல இருக்கும். கூட்டமே இருக்காது. எனக்கு மிகப் பிடித்த மாதம் ஆனி. சுண்டல்காரர்கூட அந்த நேரத்தில் வர மாட்டார். கடைகள் முடிந்து, தாழங்குடா பக்கமாக வடக்கே நடந்தால் மணல் மேட்டில் அடம்புக்கொடி படர்ந்திருக்கும். ஆட்டுக் குளம்புபோல இலை, ஊதாப் பூ. அதோடு இராவணன் மீசையும் இருக்கும். அந்த முள்ளுப் புல்லின் விதைக்கொத்து காய்ந்ததும் பந்துபோலக் கழன்றுவிடும். காற்று அடிக்க அடிக்கக் கடலை நோக்கி உருண்டுகொண்டே ஓடும். எங்காவது தடைபட்டு நின்ற இடத்தில் விதை இறங்கும். வேர் மணலைப் பிடித்துக்கொள்ளும், மேடு வளரும். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று இந்தக் கொடியையும் புல்லையும் வாரிப் போட்டால் மணல் நிற்காது. குப்பை பொறுக்க வருகிற பிள்ளைகளிடம் இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

அந்தப் பந்து ஒன்றை அத்தைக்கு எடுத்து வந்து கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, "சின்னதுல இது பின்னாடியே ஓடுவோம். கடல்ல விழறதுக்குள்ள யார் பிடிக்கிறாங்கன்னு போட்டி" என்றார். திருப்பாப்புலியூரில் பிறந்தவர் அவர். ஆடி அமாவாசைக்குத் தாத்தாவோடு மாட்டு வண்டியில் தேவனாம்பட்டினம் வருவார்களாம். இப்போதும் அந்த ஒரு நாள் விடியற்காலையில் கரை முழுக்கத் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள்தான். எள்ளும் வாழை இலையும் அலையில் மிதந்து வந்து காலில் ஒட்டும்.

ஆனி நோட்டுக் கணக்கு 140. வருடத்திலேயே அதிகம் அதுதான். அத்தைக்குக் கடல் மிகத் தொலைவாக இருந்த மாதமும் அதுதான்.

ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் சந்தையில் பழைய மீனும் வெளியூர் மீனும்தான். தேவனாம்பட்டினத்து ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய்க் கொண்டுவருகிற கொஞ்சம் நெத்திலியும் காரப்பொடியும் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதே சமயம் பண்ருட்டிப் பலா வந்துவிடும். கடற்கரையிலேயே சுளை விற்பார்கள். உப்புக் காற்றில் பலாச்சுளை தின்னும் ருசியை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கிழக்குக் கடற்கரைக்காரர்களான நமக்கு அஸ்தமனம் கடலில் கிடையாது என்று சிலர் குறையாகச் சொல்வார்கள். பௌர்ணமியன்று மாலை ஆறு, ஆறரைக்கு இங்கே வந்து பாருங்கள். பின்னால் வெளிச்சம் மங்கும்போது முன்னால் கடலிலிருந்து நிலா, பழுத்த மாம்பழ நிறத்தில், பெரிதாக ஏறும். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகி, தண்ணீரில் நம் காலடி வரைக்கும் ஒரு பாதை போடும். அத்தை வாய் ஓயாமல் பேசுகிறவர், அந்த அரை மணி நேரம் பேச மாட்டார்.

சூரியன் உதிக்கும் இடம் நகர்வதை அவர்தான் எனக்குக் காட்டினார். நாற்காலியை எப்போதும் ஒரே விளக்குக் கம்பத்தின் பக்கத்தில்தான் நிறுத்துவோம். அங்கிருந்து பார்த்தால் ஆனியில் சூரியன் இடது கை பக்கம், தாழங்குடா நேரே எழும். மார்கழியில் வலது பக்கம், துறைமுகம் இருக்கும் திசைக்கு வந்துவிடும். நடந்து திரிகிற நான் இதைக் கவனித்ததே இல்லை. ஒரே இடத்தில் உட்கார வேண்டியிருந்தவர் கவனித்தார். "ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. அவனும் மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடக்கறான்" என்றார்.

நான் செஞ்சிக்காரி. 1995ல் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் அத்தை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. பயத்தில் அவர் கையை விடவே இல்லை. நான் பயந்தது தெரியாமல் இருக்க அவர் வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்தார். கோட்டைக் கதை அன்று கேட்டதுதான். பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். 1690ல் மராட்டிய ராஜாராம் செஞ்சியில் இருந்தபோது, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு. அந்த ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி, எங்கள் குண்டு சாலை எல்லாம் அந்தக் கதையோடு சேர்ந்த பெயர்கள். 1746ல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தபோது இந்தப் புனித டேவிட் கோட்டைதான் தெற்கே ஆங்கிலேயர்களின் தலைமையிடமாக இருந்தது. ராபர்ட் கிளைவ் இங்கே ஆளுநராக இருந்திருக்கிறார். 1758ல் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை இடித்துத் தள்ளியது. செஞ்சியில் விற்றதைப் பார்க்க செஞ்சியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று என்னை எல்லோரிடமும் சொல்வார் அத்தை. பீரங்கியால் அளந்து வாங்கிய மண்ணில் இன்று யாரும் யாரையும் கேட்காமல் நடக்கிறார்கள். அதை நினைக்கும்போது எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது.

ஆவணியில் பிள்ளையார்களைக் கரைக்கும் நாளில் நாங்கள் போவதில்லை. நெரிசல் தாங்காது. புரட்டாசி, ஐப்பசியில் என்னிடம் குறிப்பே இல்லை. தீபாவளித் துணி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரவிக்கை தைக்கிற நேரத்தில் கடலாவது ஒன்றாவது.

ஐப்பசி முடிந்து போனபோது கடற்கரை பாதியாகியிருந்தது. வாடைக் காற்று வந்துவிட்டால் அலை உயரமாகவும் அடுத்தடுத்தும் வரும். கரை மணலை வாரிக்கொண்டுபோய்க் கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் திட்டாகப் போட்டுவிடும். தை, மாசியில் கடல் அடங்கியதும் சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். வருடா வருடம் நடக்கிற கொடுக்கல் வாங்கல் இது. கார்த்திகையில் தண்ணீரோரம் கத்தரியால் வெட்டியதுபோல ஒரு படி இருந்தது, இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் குறைவாக. நோட்டில் 'கார்த்திகை 58'.

கடல் பாதி தூரம் நெருங்கி வந்திருக்கிறது, ஆனால் குறுக்கே அந்தப் படி. அலையும் பயங்கரம். இந்த மாதங்களில் கடலில் இறங்க வேண்டாம் என்று போலீஸ் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். கரையில் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், காலுக்கடியில் இழுப்பு வேறு மாதிரி இருக்கும். வெளியூரிலிருந்து வந்து குளிக்க இறங்கிய பிள்ளைகளை இந்தக் கரை வருடா வருடம் கொண்டுபோகிறது.

நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. எங்களுக்குத் தானே புயல் ஞாபகம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஏறியபோது மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஃபெஞ்சல் அடங்கிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று நினைத்தோம். சாத்தனூர் அணை நிரம்பி டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிக் கடலூர் ஓரத்து ஊர்களுக்குள் புகுந்தது. எங்கள் தெருமுனை வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் முழித்திருந்தோம்.

பத்து நாள் கழித்துத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கடல், பால் குறைத்துப் போட்ட டீ நிறத்தில் இருந்தது. கரை நெடுக ஆகாயத் தாமரை, வாழை மரம், கரும்புச் சோகை, ஒற்றைச் செருப்புகள், யார் வீட்டுப் பிளாஸ்டிக் குடமோ. பெண்ணையாறு வந்த வழியிலிருந்த ஊர்களின் சாமான்கள் எல்லாம் இந்த மணலில் கிடந்தன. எண்ண மனம் வரவில்லை.

டிசம்பர் 26 வந்தது. சுனாமிக்கு இருபது வருடம். 2004ல் அது ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. காலை எட்டரைக்கு மேல் தண்ணீர் வந்தபோது கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். தேவனாம்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு. எங்கள் வாசலுக்குக் கூடையோடு வந்து அத்தையிடம் மணிக்கணக்கில் பேசும் மீன்காரம்மாவின் பேரன் போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அத்தை கடற்கரைப் பக்கமே வரவில்லை. 2007 மாசி மகத்தன்று அந்த மீன்காரம்மாவே வந்து, "வாக்கா, நான் போறேன், நீ வரமாட்டியா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இருவரும் ஒன்றாகத்தான் மறுபடி தண்ணீரில் கால் வைத்தார்கள். அந்தம்மா இப்போது இல்லை. ஒவ்வொரு டிசம்பர் 26லும் மீனவப் பெண்கள் கடலில் பால் ஊற்றிப் பூப் போடும்போது அத்தை தூரத்தில் நாற்காலியில் இருந்தபடி கும்பிடுவார். போன வருடமும் கும்பிட்டார். திரும்பி வரும்போது, "அவ பேரனுக்கு என் கையால பூ போடணும்னுதான் தண்ணிகிட்ட போகணும்னு சொன்னேன்" என்றார். எட்டு மாதமாக இதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் ராத்திரி ஒரு மழை பெய்தது. பெரிய மழை இல்லை, மூன்று மணி நேரம் நின்று பெய்த மழை. விடிகாலை ஆறு மணிக்கு, என்னவோ தோன்றி, வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கே ஒருவர் சைக்கிளில் டீ கேனைக் கட்டிக்கொண்டு மணலின் நடுவில் ஓட்டிக்கொண்டு போகிறார். தள்ளிக்கொண்டு இல்லை, ஏறி உட்கார்ந்து மிதித்துக்கொண்டு. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய் நிறுத்தினார். நான் ஓடிப்போய்க் கேட்டேன். "மழை பேஞ்ச மறுநாள் மட்டும்தான்க்கா இப்படி ஓட்ட முடியும். வெயில் ஏறிட்டா தள்ளக்கூட முடியாது" என்றார்.

கஞ்சி போட்ட துணி விறைப்பாக நிற்கிற மாதிரிதான் அது. மணலும் மணலும் ஒட்டாது. நடுவே கொஞ்சம் ஈரம் இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். காய்ந்துவிட்டால் விட்டுவிடும், தண்ணீர் அதிகமானாலும் கரைந்துவிடும். பிள்ளைகள் ஈர மணலில்தானே வீடு கட்டுகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு இது புதிதாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் காலால் அழுத்திப் பார்த்தேன். குதிகால் அரை விரல் ஆழம்கூட இறங்கவில்லை.

ஆட்டோத் தம்பிக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அத்தையை எழுப்பச் சொன்னேன். "பல்லு வெளக்கினா போதும், குளிக்க வேணாம், சீக்கிரம்" என்று நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். ஏழு மணிக்கு வந்துவிட்டார்கள். அத்தை அந்த அவசரத்திலும் கொல்லைச் செம்பருத்தி நாலைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியை முன்னுக்குத் தள்ளாமல் பின்பக்கமாக இழுத்தோம். இதுவும் டீக்காரர் சொன்ன யோசனைதான். சின்னச் சக்கரங்கள் பின்னால் வந்தால் தோண்டாது. அதனால் அத்தை கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்தபடியே கடலுக்குப் போனார். கடைகள், விளக்குக் கம்பம், எப்போதும் அவர் உட்காரும் இடம் எல்லாம் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். சக்கரத் தடம் மணலில் இரண்டு கோடாக நீண்டது. படகு ஏற்றி இறக்கும் டிராக்டர் போய்வந்து ஓர் இடத்தில் அந்தப் படி சரிந்து வழியாக இருந்தது. வலைக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து வந்து அந்த இடத்தில் மட்டும் பிடித்தார்கள். அறுபத்தொரு காலடி. எண்ணிக்கொண்டேதான் போனேன்.

தண்ணீரோரம் நாற்காலியைத் திருப்பினோம். சக்கரத்தைப் பூட்டி, நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அலை இன்னும் பலமாகத்தான் இருந்தது. நுரை மட்டும் வந்து தொடுகிற தூரத்தில் நிறுத்தினோம். முதல் நுரை வரவில்லை, இரண்டாவதும் வரவில்லை. மூன்றாவது வந்து இரண்டு கணுக்காலையும் மூடியது. "சூடா இருக்கும்மா" என்றார். மார்கழிக் காலைக் குளிரில் கடல் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காற்று குளிர்வது மாதிரிக் கடல் சட்டென்று குளிராது. குனிய முடியாததால் நான் கையில் அள்ளிக் கொடுத்தேன், தலையில் தெளித்துக்கொண்டார். செம்பருத்திகளை ஒவ்வொன்றாகப் போட்டார். போட்ட பூவை அலை திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தது. கடைசியில் வலைக்காரர் ஒருவர் அந்த நாலையும் பொறுக்கி, இடுப்பளவு தண்ணீருக்குப் போய் விட்டுவிட்டு வந்தார்.

இருபது நிமிடம் இருந்தோம். வெயில் ஏறுகிறது, மணல் உலர்ந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தம்பிதான் அவசரப்படுத்தினார். திரும்பும்போது கடைசிப் பத்து அடியில் சக்கரம் இழுபட ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு அப்படி ஒரு காலை இன்னும் கிடைக்கவில்லை. தையில் பனிதான் விழுந்தது, பனி மேல்தோலை மட்டும் நனைக்கும். மாசியில் 85 காலடி. மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வந்து நிற்கும்போது நாங்கள் விளக்குக் கம்பத்தடியிலேயே இருந்தோம். அதே மாதம் ஒரு விடிகாலையில் ஆமை ஏறிப்போன தடம் பார்த்தேன், இரண்டு பக்கமும் துடுப்புப் போட்ட மாதிரி. பங்குனி ஆமை என்று நம்மவர்கள் வைத்த பெயர். பெயரிலேயே மாதம் இருக்கிறது. மணலைத் தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிய ஒன்றரை மாதம் ஆகும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண். நாய் தோண்டாமல் இருக்க வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, பொரிந்ததும் கடலில் விடுவார்கள். தடத்தைப் போனில் படம் எடுத்து அத்தையிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை அடி ஆச்சோ" என்றார்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத் திறனாளிகளுக்காக 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் கடைசிப் பகுதி உடைந்தது. பிறகு சரிசெய்தார்கள். அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் நோட்டுதான் நினைவுக்கு வரும். கார்த்திகையில் 58, ஆனியில் 140. ஒரே நீளத்தில் நிரந்தரமாக ஒன்றைக் கட்டினால் பாதி வருடம் போதாது, மீதி வருடம் அலையில் நிற்கும். இங்கே வேண்டியது பாய்போலச் சுருட்டி எடுக்கக்கூடிய விரிப்பு. தையில் விரித்து, மணல் வளர வளர நீட்டி, ஐப்பசியில் சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். வெள்ளிக் கடற்கரையையும், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் உலகச் சான்றான நீலக்கொடித் தரத்துக்குக் கொண்டுவரப் போவதாக அரசு அறிவித்திருக்கிறது. சக்கர நாற்காலி போக வழி செய்வதும் அந்தத் தரத்தில் ஒரு பகுதி. வரட்டும், நான் வரவேற்கிறேன். இரண்டே வேண்டுகோள்: அடம்புக்கொடியையும் மணல் மேட்டையும் தொடாதீர்கள். சீட்டுக் கிழிக்கும் கதவு எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். கையில் காசில்லாத நாளில் நானும் அத்தையும் எத்தனையோ மாலைகள் அங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது புரட்டாசி பாதி. தீபாவளித் துணிகள் வரத் தொடங்கிவிட்டன. நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், உப்புத் தண்ணீர் பட்டு அச்சு துரு ஏறியிருந்தது. அத்தை தினமும் ஏழு மணிச் செய்தியில் வானிலைக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். நேற்று ராத்திரி இடி இடித்தது. ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லி, வெகுநேரம் வாசனை பிடித்துக்கொண்டிருந்தார். மழை திருவந்திபுரம் பக்கமே பெய்துவிட்டுப் போய்விட்டது.